அசென்சியில் வைக்கப்பட்ட சுடுமண் தலைகள்

இன்றைய கானாவின் தென்பகுதியிலும் அதையடுத்த ஐவரி கோஸ்ட்டின் தென்கிழக்கிலும் வாழும் அகான் மக்கள், மறைந்த அரசர், அரசியன்னை, குலமுதல்வர் ஆகியோருக்குச் சுடுமண்ணில் தலையோ முழு உருவமோ செய்து, அதற்கு உணவும் மதுவும் படைத்து வந்தனர். அரசரின் கல்லறையைச் சுற்றி அவருடைய பணியாளர்களின் மண்ணுருவங்கள் வண்ணம் பூசி வரிசையாக நிறுத்தப்பட்டிருந்ததை டச்சுக்காரரான பீட்டர் டி மரீஸ் 1602-இல் வெளியான தம் நூலில் விவரிப்பதால், வழக்கம் அதற்கும் முந்தியது என்பது தெளிவு.

வனைந்தோர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் அசாந்திப் பகுதியில், உருவம் அமைந்த கலங்களைச் செய்த பெண்ணொருத்தி மகப்பேறு இழந்தாள் என்றொரு கதை வழங்கியதையும், அதனால் அங்கு அவ்வேலை ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டதையும் 1927-இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியலாளர் ராட்ரே பதிவுசெய்துள்ளார். சக்கரம் இல்லாமல் கையாலேயே எழுப்பிய இவ்வுருவங்கள் திறந்தவெளியில் விறகடுக்கிச் சுடப்பட்டன. தடித்த களிமண்ணில் ஈரம் தங்கினால் நெருப்பில் வெடித்துவிடும் என்பதால், பெரிய தலைகளின் உட்புறம் கூடாக விடப்பட்டது.

அருகிருந்து பார்த்தால், தனியே உருட்டி ஒட்டிய மண்ணுருண்டையின் நடுவே கீறிய கோடுதான் கண். மூடிய இமையா, திறந்த விழியா என்று சொல்ல இயலாது. கழுத்தில் அடுக்கடுக்காக ஓடும் மடிப்புகள் செழுமைக்கும் அழகுக்கும் அடையாளம். முகச்சாயலை அப்படியே பிடிப்பது வனைபவரின் நோக்கமன்று. தலைமுடி ஒப்பனை, முகத்துக் கீறல் தழும்பு, அணிகலன் ஆகியவற்றைக் கொண்டே இன்னார் என உறவினர் அறிந்தனர். இதைத் திறமைக் குறைவாகக் கொள்வது பிழை. நினைக்கப்பட்டது முகத்தைவிட மனிதர் வகித்த நிலையே எனக் கொள்வதே பொருந்தும்.

மறைந்தவருக்கான நினைவுச் சடங்கு முடிந்ததும் உருவம் அசென்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 'கலங்கள் வைக்கும் இடம்' எனப் பொருள்படும் இது, ஊருக்கு வெளியே, பெரும்பாலும் இடுகாட்டையொட்டி அமைந்த திடல். அபுசுவா குருவா எனப்படும் குலக்கலமும் அங்கேயே வைக்கப்படும். உறவினர் துக்கத்திற்காக மழித்த முடி அதனுள் இடப்படும். இறந்தவரின் உருவத்தோடு இருப்பவரின் உடற்கூறும் ஒரே திடலில் சேர்வது, இவ்வழக்கத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டாலும் மிக முக்கியமான பகுதி.

அத்தலைகளுள் பல இன்று ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன. திடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டபோது கலமும் முடியும் பின்தங்கிவிட்டதால், பெரும்பாலானவற்றுக்கு வட்டாரமும் தோராயமான காலமும் மட்டுமே எஞ்சின, பெயர் எஞ்சவில்லை. கிறித்தவம் பரவிய இருபதாம் நூற்றாண்டில் வழக்கமும் பெரிதும் அருகிவிட்டது. இன்றைய கானா நகரங்களில் அந்த இடத்தை இரங்கல் சுவரொட்டி ஏற்றிருக்கிறது: நடுவே வண்ண ஒளிப்படம், கீழே வயது, அதன்கீழ் குலமுதல்வர் தொடங்கித் துணைவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை துக்கம் காப்போரின் நீண்ட பட்டியல்.