லினக்ஸுக்கு மாறிய கேமிங் கம்ப்யூட்டர்... ஐந்தாவது ஆளுக்கு என்ன ஆச்சு?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது மைக்ரோசாஃப்ட். விருப்பப்பட்டால் பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் இன்னும் ஓராண்டு வாங்கிக்கொள்ளலாம். ‘11-க்கு மாறிக்கோங்க’ என்று திரையில் வந்த அறிவிப்பைப் பார்த்து அழுத்திய பலருக்கும் கிடைத்த பதில், ‘உங்கள் கம்ப்யூட்டர் இதற்குத் தகுதியற்றது’ என்பதுதான். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 வேண்டும்.

மதுரை அண்ணாநகர் இளைஞர் ஒருவரின் கம்ப்யூட்டர் ஏழாம் தலைமுறை ஐ5. கூடவே ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. 2017-ல் சேர்த்து வைத்த காசில் பார்ட் பார்ட்டாக வாங்கி மாட்டியது. இன்றைக்கும் ‘விட்சர் 3’ தடையில்லாமல் ஓடும். நன்றாக ஓடும் மெஷினைக் கிழடு என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

பகலில் அந்த கம்ப்யூட்டர் அப்பாவுடையது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நெட் பேங்கிங், பிரீமியம், ரசீது எல்லாம் அதில்தான். “அப்டேட் வராத மெஷின்ல பேங்க் வேலை பார்க்காதீங்கப்பா” என்று மகன் சொல்ல, “அப்ப புதுசு வாங்கணுமாடா?” என்று அவர் கேட்க, அந்த வருடம்தான் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்டியிருந்தார்கள். ஆக, லினக்ஸ் மின்ட்.

லினக்ஸில் கேம் ஓடாது என்பது பழைய கதை. 2018-ல் வால்வ் நிறுவனம் ‘புரோட்டான்’ என்ற மென்பொருளைத் தன் ஸ்டீம் செயலியோடு சேர்த்தது. விண்டோஸுக்கு எழுதிய ஆட்டம் கேட்பதை எல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி அது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவதும் இதை நம்பித்தான். ஏஎம்டி கார்டுக்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருப்பதால் தனியாகத் தேட வேண்டியதும் இல்லை. போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றன என்று உறுதியான பிறகே இன்ஸ்டால் செய்தார். அந்த வரிசை முக்கியம், அவசரக்காரர்கள் கவனிக்க.

அப்பாவின் பக்கம்தான் எதிர்பாராத சிக்கல். பத்து வருடக் கடிதங்கள் எல்லாம் பாமினி ஃபான்ட்டில் அடித்தவை. லிப்ரே ஆபீஸில் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள். “எல்லாம் போச்சாடா?” என்று மனிதர் பதறிப்போனார். பழைய டிஸ்க்கிலிருந்த ஃபான்ட் ஃபைலைக் காப்பி செய்து போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. புதிதாக அடிக்க, தமிழ்99 கீபோர்டைப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தீராத பிரச்னை ‘வேலரன்ட்’. பள்ளியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர். இப்போது கோவை, ஓசூர், பெங்களூரு, சென்னை, மதுரை என்று சிதறிவிட்டார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு அந்த ஆட்டத்தில்தான் சந்திப்பு. ஊர்வம்பு, வேலைப் புலம்பல், அம்மா சமையல் எல்லாம் அதற்கிடையில்தான். அந்த ஆட்டத்தின் ‘வேன்கார்டு’ என்ற ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸின் அடிமட்டமான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸுக்கு அது கிடையாது. துபாஷியால் மொழியை மாற்ற முடியும். ஆளையே உருவாக்க முடியாதே.

அதனால் முதலில் இரண்டையும் வைத்திருந்தார். அப்பாவுக்கு லினக்ஸ், ஆட்டத்துக்கு விண்டோஸ். மூன்றாவது வாரம் ஒரு காலை, முந்தின இரவு ஸ்லீப்பில் விட்ட விண்டோஸிலேயே அப்பா பேங்க் கணக்கைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தார். எதற்காக மாறினாரோ, அதுவே நடக்கவில்லை. அன்று மாலையே விண்டோஸை அழித்துவிட்டார்.

குரூப்பில் சொன்னபோது, “அப்ப நாங்க நாலு பேர் என்னடா பண்றது?” என்றான் ஓசூர்க்காரன். கோபம் நியாயம்தான். துப்பாக்கிக்கு ‘ஸ்கின்’ வாங்க அவன் அதில் நிறையவே செலவழித்திருக்கிறான்.

இப்போது வார நாள்களில் அந்த நால்வரோடு யாரோ முகம் தெரியாத ஒருவர் ஐந்தாவதாகச் சேர்கிறார். இவர் டிஸ்கார்டில் அவர்கள் குரலைக் கேட்டபடி தனியாக ‘விட்சர்’ ஆடுகிறார். சனிக்கிழமை மட்டும், லினக்ஸிலேயே நேரடியாக ஓடும் ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’-வுக்கு ஐவரும் வருகிறார்கள். இலவச ஆட்டம் என்பதால் ஓசூர்க்காரனும் வருகிறான். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஸ்கின் காசை ஞாபகப்படுத்திக்கொண்டே.