செம்பனைப் பூவும் ஒரு மலைச் சிலந்தியும்

சனி, காலை. சுங்கை சிப்புட்.

பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. ஆண் பூங்குலையை நெருங்கும்போதே சோம்பு வாசனை தூக்குகிறது. பூ முழுக்க வண்டுகள். கைப்பேசியில் மேக்ரோ லென்ஸை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். எள்ளைவிடச் சற்றே பெரிய கரும்பழுப்பு உடம்பு. முன்னே நீண்டு வளைந்த மூக்கு. அதில் பாதியில் மடிந்த உணர்கொம்புகள். கூன்வண்டு வகை. மூக்கு கூடுதலாக நீண்டிருப்பவை பெண்கள்.

இரவு.

பெயர் கிடைத்தது: எலயிடோபியஸ் கேமரூனிகஸ். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டு வண்டு. செம்பனையும் ஆப்பிரிக்க மரம்தான். மரத்தை இங்கே கொண்டுவந்தார்கள், வண்டைக் கொண்டுவரவில்லை. மகரந்தத்தைக் காற்றுதான் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். வண்டின் வேலையை ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆராய்ந்து நிரூபித்த பிறகு, 1981இல் ஜொகூர் குளுவாங்கில் அதைப் பறக்கவிட்டார்கள்.

ஞாயிறு.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் படத்தைக் காட்டினேன். “இதெல்லாம் வர்றதுக்கு முன்ன நாங்கதான்யா பூவுக்கு மாவு அடிச்சோம்” என்றார். மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து, முள்மட்டைக்கு நடுவே கையைவிட்டு, ஒவ்வொரு பெண் பூவாகப் பார்த்து அடிக்க வேண்டும். வலது முன்கையை நீட்டினார். முள் கிழித்த தழும்பு வெளுத்துக் கிடந்தது. அதையும் படமெடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எடுய்யா.” வண்டின் படத்துக்குப் பக்கத்தில் இந்தக் கையும் இருந்தால்தான் என் பதிவு முழுமை.

அடுத்த சனி. கோப்பெங்.

காட்டோர மண்கரையில், பாசி ஒட்டிய வட்டக் கதவு. விளிம்பிலிருந்து விசிறிபோல் விரிந்த பட்டிழைகள். இரை இழையை மிதித்தால் உள்ளே சிலந்திக்குத் தெரிந்துவிடும். லிஃபிஸ்டியஸ் பேரினம். பெரும்பாலான சிலந்திகள் இழந்துவிட்ட தகடு தகடான வயிற்றை இன்னும் வைத்திருக்கும் பழங்குடி. கதவைத் திறக்காமல் எடுத்தேன். எந்த வகை என்று கதவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பேரினத்தோடு குறித்தேன்.

இதன் உறவான லிஃபிஸ்டியஸ் காந்தான் ஈப்போவுக்கு வடக்கே குனோங் காந்தான் குகையில் மட்டுமே அறியப்பட்டது. 1997இல் பெயர் பெற்றது. அந்த மலையின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக்கல்லுக்காக உடைத்துவிட்டார்கள். கேமரூன் வண்டைப்போல் இதைக் கொண்டுபோய் வேறிடத்தில் வளர்க்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மிச்ச மலையை விட்டுவைக்க வேண்டும்.