சித்தூர் நண்பரின் தாய்மொழி

முதுகலை மொழியியல் முடித்து நான் சேர்ந்த முதல் பணியில், சித்தூர்ப் பகுதியின் பேச்சுவழக்குகளை ஊர் ஊராகச் சென்று பதிவு செய்ய இருவரை அமர்த்தினர். தமிழுக்கு நான், தெலுங்குக்கு அவர். என்னினும் மூன்று வயது மூத்தவர். ஆறு ஆண்டுகள் நீடித்த நட்பு. சென்ற மாதம் நோயுற்று மறைந்தார். குடும்பத்தார் விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன்.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. வட ஆற்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் அதில் இணைந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. எல்லை மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. நண்பரின் பாட்டி திருத்தணிப் பக்கத்திலிருந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டவர். அவரிடம் கேட்டுப் பேசிய தமிழே நண்பரின் வீட்டுமொழி. பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது.

எங்கள் படிவத்தில் 'தாய்மொழி' என்பதற்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. மாந்தோப்பில் வேலை செய்த மூதாட்டி ஒருவர், "மாமியாரோட தமிழு, பிள்ளைங்களோட தெலுங்கு, மாட்டோட ரெண்டும்" என்றார். நண்பர் அதை அப்படியே நுணுக்கி எழுதினார். ஒரு மொழியை மட்டும் குறிக்குமாறு படிவம் திரும்பி வந்தது. "எதை அடிப்பது? மாமியாரையா, பிள்ளைகளையா?" என்று கேட்டவர், மீண்டும் அதையே எழுதி அனுப்பினார். இருமொழிக் குடும்பங்கள் பற்றிய என் ஆய்வின் முதல் வினா அந்தக் கட்டத்தில் பிறந்ததுதான்.

விடுமுறை நாள்களில் பேருந்தேறித் திருப்பதிக்குச் செல்வோம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. முதல் தொகுதியைப் பதிப்பித்தவர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி. அக்கல்வெட்டுகளுள் மிகப் பல தமிழில் அமைந்தவை. இதை அறிந்த அன்றே நண்பர் தமிழ் எழுத்துப் பயிலத் தொடங்கினார். சில மாதங்களில், காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளித் திருமேனி செய்வித்து நிலமும் அளித்த செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். சிறுவயது முதல் நடந்தேறிய மலை அது. அதன் சுவரில் இருப்பது பாட்டியின் மொழி என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்றிரவே பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து அதைப் படித்துக் காட்டினார்.

நான் தமிழிலும் அவர் தெலுங்கிலுமாகப் பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். கேட்பவரையும் உள்ளடக்கும் தன்மைப் பன்மை தமிழில் 'நாம்', தெலுங்கில் 'மனம்'. கேட்பவரை விலக்குவன 'நாங்கள்', 'மேமு'. நான் 'நாம்' என்றால் அவர் 'மனம்' என்பார். இலக்கண நூல்கள் ஒரு வரியில் முடிக்கும் செய்தி இது. இப்பதிவில் எங்களிருவரையும் குறிக்க 'எங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. படிப்பவர் நீங்கள், அவரல்லர்.