மடு மண்

ஆகஸ்ட் 13, நோட்டன் பிரிட்ஜ்

மழை விடவில்லை. விமலசுரேந்திர அணைக்கட்டு கண்ணுக்கே தெரியவில்லை. நாளை விடியற்காலை வேன். கீழ் லயத்து அக்கா வருஷம் தவறாமல் மடு மாதாவிடம் போகிறவர். நாங்கள் முருகன் கும்பிடுகிற வீடு. “மாதாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல புள்ள, வா” என்றார்.

அம்மா ஒரு காலிப் போத்தலைக் கொடுத்தார். மடு மண் வேண்டுமாம். அது இருந்தால் பாம்பு அண்டாது. (கடித்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். அம்மாவுக்கும் தெரியும்.)

ஆகஸ்ட் 14

எங்கள் டவுனில் நினைவாக வைத்திருக்கும் விமான டயரைப் பார்த்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். 1974 டிசம்பர் 4, சப்தகன்னி மலையில் மோதிய விமானம். 191 பேர். இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட யாத்திரிகர்களும் விமானப் பணியாளர்களும். ஒருவரும் மிஞ்சவில்லை.

மதவாச்சி தாண்டியதும் காடு, புழுதி, வெயில். சுவெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது: கோப்பிக் காலத்தில் நம்மாட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணி பின்னால் மலைக்கு நடந்தது இந்தக் காட்டு வழியாகத்தான். வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 2023இல் அவர்கள் நினைவாகப் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நானோ வேனில் உட்கார்ந்து போவதற்கே இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டேன்.

மடுவில் பக்கத்துக் கூடாரத்தில் செட்டிகுளத்து அம்மா ஒருவர். என் பேச்சைக் கேட்டதும், “மலைநாடா? எங்கப்பா மஸ்கெலியா ஆளு” என்றார். 83 கலவரத்துக்குப் பிறகு இறங்கி வந்த குடும்பம். பிளேன்டீ ஊற்றித் தந்தார். சீனி அதிகம்.

ஆகஸ்ட் 15, மடு

திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும். நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் பாலை மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதாவே ஓடி வந்தவர். 1670இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியபோது மாந்தையிலிருந்து சிலையைத் தூக்கிக்கொண்டு சனங்கள் காட்டுக்குள் வந்தார்கள். யுத்தத்தில், 1999 நவம்பரில், இங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேலேயே ஷெல் விழுந்தது. 2008 ஏப்ரலில் குருமார் சிலையைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் திரும்பி வந்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்ததைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ தேவன்பிட்டிப் பயணம்தான் பெரிதாகப்படுகிறது.

சொரூப ஆசீர்வாதத்தின்போது செட்டிகுளத்து அம்மா என் கையை விடவில்லை.

ஆகஸ்ட் 17

அம்மா போத்தலைத் திறந்து, “இவ்வளவு காஞ்ச மண்ணா!” என்றார். பாதியை லயத்து வாசலில் தூவினார். பின்னேர மழை அதைக் கானுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. மீதி முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.