கோடு நின்ற இடம்

சால்தோரோ காங்ரி 7,742 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவை ஏறக்குறைய மூன்று அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். சியாச்சின் பனியாற்றுக்கு மேற்கே கெண்ட், ஷெர்பி காங்ரி என்று ஏழாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. ஊர் கிடையாது, மேய்ச்சல் கிடையாது. ஜப்பானியரும் பாகிஸ்தானியரும் சேர்ந்து 1962-இல் உச்சியைத் தொட்டார்கள். அப்போதெல்லாம் மலையேறிகள் மட்டுமே போய்வந்த இடம்.

1972-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கட்டுப்பாட்டுக் கோட்டை வரைந்தவர்கள் என்ஜே9842 என்ற புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் பனிக்காட்டில் யாருக்கு என்ன வேலை என்று நினைத்திருக்க வேண்டும். 1984 ஏப்ரல் 13 அன்று, 'மேகதூத்' நடவடிக்கையில், நம் வீரர்கள் பிலாஃபோண்ட் கணவாயில் இறங்கினார்கள். அன்று முதல் முகட்டில் நாம், மேற்குச் சரிவில் பாகிஸ்தானியர்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து, அந்த முகட்டில் காவல் காத்துவந்த பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் சொன்னார்: "அங்க பசியே எடுக்காதுக்கா. தூக்கமும் வராது. நாள் முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரியும், எச்சில் துப்பினா கரியா வரும். வெறும் விரல துப்பாக்கியில வச்சா தோல் ஒட்டிக்கும்." ரோந்து போகும்போது எல்லாரும் ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொள்வார்களாம். பனிப்பிளவைப் புதுப்பனி மூடியிருக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் அப்படியே படுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே ஏறுமுன் அடிவார முகாமில், வீரர்கள் காவல் தெய்வமாகக் கும்பிடும் ஓ.பி. பாபாவின் கோவிலில் விறைப்பாக நின்று, அதிகாரியிடம் சொல்வதுபோல் பாபாவிடம் அறிக்கை கொடுப்பார்கள். இறங்கி வந்ததும் மறுபடியும் கொடுப்பார்கள்.

இரு தரப்பிலும் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். 2003-இல் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் மலை ஓயவில்லை. 2012 ஏப்ரலில் கயாரி முகாமில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் புதைந்தார்கள். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனில் பத்துப் பேரைப் பறிகொடுத்தோம். அதில் நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கயாரியில் மகனைத் தோண்டி எடுக்கக் காத்திருந்த தாயின் துக்கமும் இதே துக்கம்தான்.

ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல்தான் இரு தரப்பாரும் மேலே இருக்கிறார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் படைகளை விலக்கிக்கொள்வது பற்றி 1989-லேயே இரு நாடுகளும் பேசி, கூட்டறிக்கையும் விட்டன. சாட்சிகளோடு, அவரவர் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, சேர்ந்தே இறங்க வழியுண்டு என்றுதான் இன்றும் நம்புகிறேன். அதுவரை, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வெலிங்டன் மையத்தில் பயிற்சி முடிக்கும் பையன்களில் சிலருக்கு அந்த முகட்டில் மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறது.