பித்தளையும் தோலும்

2014 அக்டோபரில் டிரெஸ்டனில் குடியேறிகளுக்கு எதிரான பெகிடா ஊர்வலங்கள் தொடங்கிய பின், திங்கட்கிழமை மாலைகளில் நகர மையம் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஐ.டி. வேலைக்கு வந்தவன் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? அங்கே டிரம்பெட்டும் சாக்ஸபோனுமாக எதிரே நின்று வாசித்தது 'பண்டா கொமுனாலே', 2001இல் தொடங்கிய தெருக்குழு. 2015இல் அகதிகளாக வந்த இசைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 'பண்டா இன்டர்நாட்சியோனாலே' ஆனது.

எனக்குத் திண்டுக்கல் சக்தி கலைக்குழு நினைவுக்கு வந்தது. 1990இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கியது. சாவுக்கானது, ஆண்கள் அடிப்பது என்றிருந்த பறையைத் தலித் பெண்கள் தோளில் மாட்டி, ஆடியபடியே அடித்தார்கள்.

மகள் இப்போது பள்ளியில் சாக்ஸபோன் எடுத்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு ஊதுற வாத்தியம் எதுக்குடா?" என்கிறார் அம்மா, போனில். சக்தி குழுவின் காணொளியை அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை.