முற்பதிவு செய்யப்பட்ட மகிழ்ச்சி

களியாட்டப் பூங்காக்களைப் பற்றிய கட்டுரைக்குப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் என்ன இடமுண்டு என வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மாந்தரை எவ்வாறு வரிசையில் நிறுத்துகின்றது, எவரை முன்னே செல்ல விடுகின்றது என்பன விளையாட்டுச் செய்திகளல்ல. விளையாடும் இடத்தில் அவை வெளிப்படும்போது, மறைப்பின்றி வெளிப்படுகின்றன என்பதே வேறுபாடு.

2012 ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோ நகரில் சில காலம் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபது வயதை அணுகியவர், கணவரை இழந்தவர். அந்நகரத்துப் பூங்காக்களுள் ஒன்றின் ஆண்டு அனுமதிச்சீட்டினை அவர் தவறாது புதுப்பித்து வந்தார். தனித்து வாழும் முதியவருக்கு இவை எதற்கென முதலில் வியந்தேன். சில மாலைகளில் அவருடன் சென்றபோது விடை கிடைத்தது. வெயில் தணிந்தபின் புறப்படுவார். மர நிழலில் அமர்ந்து வாத்திய இசை கேட்பார். வரிசை குறுகியிருந்தால் ஏதேனுமொரு சவாரியில் ஏறுவார். நீண்டிருந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று கூறி வீடு திரும்புவார். 'நாளைக்கு' என்ற அச்சொல்லே ஆண்டுச்சீட்டின் முழுப் பெறுமதியும் என்பதை அன்று உணர்ந்தேன். ஒருநாட் சீட்டுப் பெற்றவன் சவாரிகளை வாங்குகிறான். ஆண்டுச்சீட்டாளரோ அவசரமின்மையை வாங்குகிறார்.

முற்பதிவு முறைகள் இவ்வவசரமின்மையை எவ்வாறு பாதித்தன என்பதை, அந்நகருக்கு அணித்தே 1971 இல் திறக்கப்பட்ட வோல்ட் டிஸ்னி உலகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. 1999 இல் அங்கு பாஸ்ட்பாஸ் என்னும் முறை புகுந்தது. சவாரிக்கு அருகிலுள்ள பொறியில் நுழைவுச்சீட்டினைச் செலுத்தினால், மீண்டு வரவேண்டிய ஒரு மணி நேர இடைவெளி குறிக்கப்பட்ட சிறு தாள் கிடைக்கும். கட்டணமில்லை. உள்ளூரவருக்கும் உல்லாசப் பயணிக்கும் விதி ஒன்றே: முதலிற் பூங்காவினுள் வந்து சேரவேண்டும்.

2013, 2014 ஆம் ஆண்டுகளில் தாள்முறை நீங்கிக் கணினிவழி முற்பதிவு இடம்பிடித்தது. நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோர் 60 நாள்களுக்கு முன்னரும், ஆண்டுச்சீட்டாளர் உள்ளிட்ட ஏனையோர் 30 நாள்களுக்கு முன்னரும் பதியலாயினர். பெருந்தொற்றினால் 2020 இல் நிறுத்தப்பட்ட அம்முறை மீளவில்லை. 2021 ஒக்ரோபரில் ஜீனி பிளஸ் என்னும் கட்டண முறை வந்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 டொலர். 2024 யூலை 24 இல் அதனிடத்தைப் பெற்ற லைட்னிங் லேன் முறையின்படி, விடுதியில் தங்குவோர் 7 நாள்களுக்கு முன்னரும் ஏனையோர் 3 நாள்களுக்கு முன்னரும் பணம் செலுத்திப் பதியலாம் என்றாயிற்று. ஆண்டுச்சீட்டு வைத்திருந்தமையால் எவரும் இக்கட்டணத்தினின்று விலக்குப் பெற்றாரல்லர்.

இங்கு ஓர் எளிய கணக்கினைப் பார்த்தல் தகும். ஒரு சவாரி மணிக்கு 1,500 பேரை ஏற்றுமெனக் கொள்வோம். நமக்கு முன்னே 500 பேர் நின்றால் 20 நிமிடத்தில் நம் முறை வரும். அவற்றுள் 1,000 இடங்கள் பதிந்தோர்க்கு ஒதுக்கப்படின், அதே 500 பேருக்குப் பின்னே நிற்பவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சவாரியின் வேகமும் கூடவில்லை, இடங்களும் பெருகவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கிய சுமை மற்றொருவர் தோளில் ஏறியதே நிகழ்ந்தது. வரிசைகளை ஆராய்ந்த றிச்சாட் லார்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், காத்திருப்பின் நீளம் மட்டுமன்றி அதன் நீதியும் மனிதரைத் தாக்குமென 1987 இலேயே எடுத்துக் காட்டியுள்ளார். பின்வந்தவர் முன்செல்லக் காண்பதே பெரும் நோவு.

அந்நோவு ஆண்டுச்சீட்டாளர்க்கு இருமடங்காகின்றது. வாழ்நாளில் ஒருமுறை வருபவருக்கு 15 டொலர் பயணச் செலவின் சிறு துளி. ஆண்டில் 40 தடவை வருபவருக்கு அது 600 டொலர். காலை தொட்டு இரவுவரை சுற்றுபவரும், மாலையில் இரண்டு மணி நேரம் உலாவ வருபவரும் ஒரே தொகையைச் செலுத்துவர். பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அண்மையில் அவ்வாசிரியை மின்னஞ்சலில் என்னிடம் வினவினார்: "மூன்று நாள்களின் பின்னர் என் முழங்கால் எப்படியிருக்கும், என் மனம் எதை விரும்பும் என்று இன்றைக்கே எவ்வாறு சொல்வேன்?" முற்பதிவு ஏட்டில் 'நாளைக்கு' என்ற சொல்லுக்குக் குறித்த திகதியும் நேரமும் வேண்டும்.

மறுபக்கத்தையும் நோக்குதல் கடன். கடல் கடந்து, பல்லாண்டுச் சேமிப்பினைச் செலவிட்டுப் பிள்ளைகளுடன் வருபவருக்கு 'நாளைக்கு' என்பது இல்லை. அவர் விரும்பிய சவாரி கிடைக்குமென்ற உறுதியை முற்பதிவு அளிக்கின்றது; அது அற்பமான நன்மையன்று. அன்றியும், முற்பதிவு இலவசமாக இருப்பின், அண்மையில் வாழ்பவர் வராத நாள்களுக்கும் இடம்பிடித்து வைக்கக்கூடும். வராதவரின் பதிவு வந்தவரின் இடத்தை விழுங்கும். ஆகவே முற்பதிவு முழுதும் தீதென்பது பொருந்தாது.

ஆயினும் இருசாராரும் வாங்கிய பொருள் ஒன்றன்று என்பதை உணர்தல் வேண்டும். பூங்கா நிருவாகம் இதனை ஒருவாறு ஒப்புக்கொண்டதற்குச் சான்றுமுண்டு. 2020 யூலையில் மீளத் திறந்தபோது, சவாரிக்கு மட்டுமன்றி நுழைவதற்கும் முற்பதிவு விதிக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 18 தொடக்கம், மஜிக் கிங்டம் பூங்காவின் சனி, ஞாயிறு நாள்கள் தவிர்ந்த ஏனைய வேளைகளில், பிற்பகல் 2 மணியின் பின்னர் ஆண்டுச்சீட்டாளர் பதிவின்றி நுழைய இடமளிக்கப்பட்டது. நினைத்தபோது வருதலே அவர் வாங்கிய பொருள் என்பதை இவ்விதி ஏற்றது. வாயிலில் ஏற்ற அதே நியாயத்தைச் சவாரிகளிலும் ஏற்பதே முறையாகும். ஒவ்வொரு சவாரியிலும் கணிசமான பங்கு இடங்கள், அன்று நேரில் வந்து நிற்பவருக்கென்றே விடப்படல் வேண்டும். பிற்பகலில் அப்பங்கு மேலும் உயரலாம். தொலைவிலிருந்து வருபவருக்கு உறுதியும், அருகில் வாழ்பவருக்கு ஓய்வும் அதனால் ஒருங்கே கிட்டும்.

திட்டமிடத் தெரிந்தவரும் பணம் படைத்தவரும் மட்டுமே மகிழத் தகுந்தவரல்லர். எதையும் திட்டமிடாது ஒரு மாலைப் பொழுதில் வந்து அமரும் முதியவருக்கும், வரிசையில் முறையாக நகரும் ஓரிடம் இருத்தல் வேண்டும்.